அடிப்பெயிண்ட் தகடு தகடாகப் பெயர்கிறது, இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் எப்படிச் சரி செய்வது?

குந்துகால்34 · ஏப்ரல் 20

எல்லோருக்கும் வணக்கம். பாம்பனில் இருந்து எழுதுகிறேன். என்னுடையது 34 அடி ஃபைபர் படகு, உள்ளே டீசல் எஞ்சின். வருடம் முழுக்கத் தண்ணீரில்தான் கிடக்கும், தடைக்காலத்தில் மட்டும் கரையேற்றுவோம். பழைய படகாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. முன்னால் வைத்திருந்தவர் அடியில் என்ன பெயிண்ட் அடித்தார் என்று யாருக்கும் தெரியாது.

போன வருடம் அடிப்பகுதி வேலையை ஒரு குழுவிடம் மொத்தமாகப் பேசி விட்டேன். காலையில் சுரண்டினார்கள், மத்தியானம் கடல் தண்ணீரையே மொண்டு அடித்துக் கழுவினார்கள், மறுநாள் சிவப்பு ஆன்டிஃபவுலிங் (கடல் உயிர்கள் ஒட்டாமல் தடுக்கும் அடிப்பெயிண்ட்) இரண்டு கோட் அடித்து முடித்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசியிலேயே படகு கனக்க ஆரம்பித்துவிட்டது. அதே ஆர்.பி.எம்.மில் 8 நாட் வேகத்தில் ஓடிய படகு தை மாதம் 6ஐத் தாண்டவில்லை. டீசல் கணக்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முந்தாநாள் கரையேற்றிப் பார்த்தால், அணியம் (முன்பகுதி) பக்கம் கை அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. அமரத்தில் (பின்பகுதியில்) சுக்கானைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் கொட்டலசு, அதாவது ஒட்டிக்கொண்டு வளரும் ஓட்டுயிர். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் பெயிண்ட் அப்பளம் மாதிரி தகடாக வருகிறது. ஒரு தகட்டை உடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன்: மேலே சிவப்பு, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே இன்னொரு சிவப்பு, உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இன்னொரு தகட்டின் உள்பக்கத்தில் பழைய கொட்டலசின் வட்ட அச்சு அப்படியே இருக்கிறது. சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

ஏராவுக்கு (படகின் அடி நடுக்கட்டைக்கு) பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் ஃபைபர் கொப்பளித்த மாதிரியும் இருக்கிறது.

இந்த முறை நானும் தம்பியும் சேர்ந்து நாங்களே செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஜூன் 14 வரை நேரம் இருக்கிறது. முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டுமா, பெயர்ந்த இடத்தில் மட்டும் பார்த்தால் போதுமா? எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஓடாவி மகன் · ஏப்ரல் 20

தம்பி, உன் படகில் பெயிண்ட் கெட்டுப்போகவில்லை, அதற்கு ஒட்டிக்கொள்ள இடமே கொடுக்கவில்லை. அந்த வெள்ளைப் பூப்பு பெரும்பாலும் உப்புதான். கடல் தண்ணீரில் கழுவிவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் உப்பு அடியில் மாட்டிக்கொள்ளும். அது உள்ளே இருந்துகொண்டு பெயிண்ட் வழியாகவே தண்ணீரை இழுக்கும், அப்புறம் அப்பளம்தான். மூன்று அடுக்கு தெரிகிறது என்றால் மூன்று வேறு காலத்துப் பெயிண்ட், ஒன்றுக்கொன்று சேருமா என்று யாரும் பார்க்கவில்லை. நகத்தால் நெம்பினாலே வருகிற இடத்தில் எதை அடித்தாலும் வீண், அதையும் சேர்த்துக்கொண்டு விழும். முழுவதும் எடுத்துவிடு. இது என் கருத்து. வேலை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடவை எடுத்தால் அடுத்த நாலைந்து வருடத்துக்கு மேல்கோட் மட்டும் பார்த்தால் போதும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பார். நன்றாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும் இடத்தில் பிளேடால் பெருக்கல் குறி மாதிரி ஃபைபர் வரைக்கும் கீறு, அதன் மேல் நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழு. டேப்போடு பெயிண்ட் வந்தால் அந்தப் பக்கத்திலும் மிச்சம் வைக்காதே. பத்து இடத்தில் பார், ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதே.

கொட்டலசை முதலில் கவனி. கரையேற்றி இரண்டு நாள் ஆகிவிட்டது என்கிறாய், அதற்குள் கல்லாகியிருக்கும். அடுத்த வருடம் நினைவில் வைத்துக்கொள், படகு சிலிப்பில் (கரையேற்றும் சரிவில்) ஏறி ஈரம் காய்வதற்குள் சுரண்ட வேண்டும், அப்போது பாதி பலத்தில் வந்துவிடும். இப்போது ஈரச் சாக்கை ஒரு ராத்திரி போர்த்தி வைத்துவிட்டு விடியற்காலையில் தொடங்கு. சுரண்டியின் மூலைகளை அரத்தால் மழுங்கத் தேய்த்துவிடு, இல்லையென்றால் ஜெல் கோட்டில் (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சில்) உழுத மாதிரி கோடு விழும். ஓடு உடைந்து போனாலும் அடியில் சின்னக் காசு அளவில் வெள்ளை வட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விட்டுவிடாதே. இது அழகுக்காகச் சொல்வது இல்லை. கொட்டலசுக் குஞ்சு தண்ணீரில் மிதந்து வரும்போது, தன் இனம் முன்னால் உட்கார்ந்த இடத்தைத் தேடித்தான் ஒட்டும். பழைய வட்டம் ஒன்று மிச்சம் இருந்தால் அது புதுசுக்குப் பாய் விரித்து வைத்தது மாதிரி.

கடைசிக் கழுவல் நல்ல தண்ணீர். பாம்பனில் நல்ல தண்ணீருக்கு உள்ள பாடு எனக்குத் தெரியும், ஆனாலும் லாரித் தண்ணீர் வாங்கியாவது கழுவு. இந்த வேலையில் எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்காதே.

கொப்பளம் பற்றி நாளை எழுதுகிறேன், அது தனிக் கதை.

விரைவு_கடல் · ஏப்ரல் 21

இவ்வளவு எதற்கு, கிரைண்டரில் டிஸ்க் போட்டுக் காய்ந்த நிலையிலேயே அடித்தால் ஒரே நாளில் வேலை முடியும். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் நன்றாக ஓடும், லிட்டரும் மிச்சமாகும். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான்.

கடற்கரைக்காரி · ஏப்ரல் 21

கிரைண்டர் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். என் வீட்டுக்காரர் 14 வருடம் படகுப் பெயிண்டிங் வேலை பார்த்தார், துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு காய்ந்த பெயிண்டைக் கிரைண்டரில் அடிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் சிவப்பாக வரும். முதலில் ரத்தம் என்று நினைத்துப் பயந்தேன், பிறகுதான் தெரிந்தது அது பெயிண்ட் தூசி என்று. அந்தத் தூசி மணலில் விழுந்து கிடக்கும், பிள்ளைகள் அதே மணலில்தான் விளையாடும். இப்போது அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. டாக்டர் முதலில் கேட்டதே என்ன வேலை பார்த்தீர்கள் என்றுதான்.

அது சாதாரணப் பெயிண்ட் இல்லை, கடலில் உயிர் ஒட்டக்கூடாது என்பதற்காகவே நஞ்சு கலந்து செய்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரில் தேயுங்கள், தூசியே பறக்காது. கீழே தார்ப்பாய் விரித்து ஓரத்தைச் சுருட்டி மடக்கி வைத்தால் சுரண்டியது, தேய்த்த சேறு எல்லாம் அதிலேயே தங்கும். அதைக் காயவைத்துச் சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள், கரையில் புதைக்காதீர்கள், கொளுத்தவே கொளுத்தாதீர்கள். துண்டு முகமூடி ஆகாது. இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த மாஸ்க் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது, தூசிக்கும் பெயிண்ட் நெடிக்கும் சேர்த்து வருவதைக் கேட்டு வாங்குங்கள். கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை. வேலை முடிந்ததும் அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

தம்பிகள் இரண்டு பேரும் சின்ன வயதாக இருப்பீர்கள் போல. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மைக்ரான் · ஏப்ரல் 21

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கொச்சியில் ஒரு யார்டில் பெயிண்ட் ஆய்வு வேலை பார்க்கிறேன், அங்கே மாஸ்க் இல்லாமல் ஆளை உள்ளேயே விடமாட்டோம். மண்ணெண்ணெய்க்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதை ஊற்றினால் லிட்டர் மிச்சமாகிற மாதிரி தெரியும், உண்மையில் படலம்தான் மெலிகிறது. ஆன்டிஃபவுலிங்கின் ஆயுள் என்பது அதன் கனம்தான். 50 மைக்ரான் வர வேண்டிய கோட் 25 மைக்ரான் வந்தால் பாதி நாளில் தேய்ந்துபோகும். அதோடு மண்ணெண்ணெயின் எண்ணெய்ப்பசை சரியாக ஆவியாகாமல் படலத்துக்குள் நின்றுவிடும். டப்பாவில் என்ன தின்னர் போட்டிருக்கிறதோ அது மட்டும், அதுவும் தேவைப்பட்டால் மட்டும்.

குந்துகால் தம்பி, அடுக்கு ஏன் பெயர்ந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆன்டிஃபவுலிங் பொதுவாக இரண்டு வகை. கெட்டி வகையில் நஞ்சு மட்டும் மெல்ல வெளியேறும், பெயிண்ட் அப்படியே நிற்கும். நஞ்சு தீர்ந்த பிறகு அங்கே மிச்சம் இருப்பது தேன் எடுத்த அடை மாதிரி வெறும் கூடு. அதன் மேல் வருடா வருடம் அடித்துக்கொண்டே போனால் கனம் ஏறி ஒருநாள் பாளமாக விழும். இன்னொன்று கரையும் வகை, படகு ஓட ஓடத் தண்ணீர் உரசி மேல்தோல் சோப்பு மாதிரி தேயும், கீழே புது நஞ்சு வெளிப்படும், பழைய அடுக்கு சேராது. கரையும் வகையின் மேல் கெட்டி வகையை அடித்தால் அடித்தளம் நகர்ந்துகொண்டே இருக்கும், மேலே இருப்பது நிற்காது. உன் படகில் அந்த நீலத்தை ஈரத் துணியால் நன்றாகத் தேய்த்துப் பார், துணியில் நிறம் இறங்கினால் அது கரையும் வகை.

மாதம் இருபது நாள் ஓடுகிற தொழில் படகுக்குக் கரையும் வகைதான் என் தேர்வு. ஆனால் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கிற படகுக்கு அது சரிவராது, உரசல் இல்லை என்றால் தேயாது.

எந்த வகையானாலும் முக்கியமான நஞ்சு குப்ரஸ் ஆக்சைடு, அதாவது செம்பு. மரக்கப்பல் காலத்தில் இருந்தே செம்புதான் வழி. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் ஹெச்.எம்.எஸ். அலார்ம் என்ற கப்பலின் அடி முழுக்கச் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது, கொட்டலசும் மரப்புழுவும் அண்டவில்லை. ஆனால் செம்பு பட்ட இடத்தில் இரும்பு ஆணிகள் அரித்துப்போயின. அந்தப் பாடம் இன்றைக்கும் செல்லும்: அலுமினிய ஹல், அவுட்போர்டின் அலுமினியக் கால், இவற்றில் செம்புப் பெயிண்ட் அடிக்கக்கூடாது, உலோகத்தைத் தின்றுவிடும். ஜிங்க் கட்டி மேல் எந்தப் பெயிண்டும் கூடாது. அது கரைவதற்குத்தான் இருக்கிறது, மூடிவிட்டால் புரொப்பல்லரும் ஷாஃப்டும் கரைய ஆரம்பிக்கும்.

ஓடாவி மகன் · ஏப்ரல் 22

கொப்பளத்துக்கு வருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பார், முகத்தை நேராகக் கொண்டுபோகாதே, உள்ளே அழுத்தம் இருக்கும், பீய்ச்சி அடிக்கும். வருகிற நீர் விரலில் பிசுபிசுப்பாகவும் காடி மாதிரி புளித்த வாடையோடும் இருந்தால் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். வெறும் தண்ணீராக வந்து, குழி பெயிண்ட் அடுக்கோடு நின்றால் பெயிண்ட் கொப்பளம்தான், பயப்பட ஒன்றும் இல்லை.

ஃபைபர்க் கொப்பளமாக இருந்தால் சாயம்போன, மெத்தென்ற ஃபைபர் போய் கெட்டியான ஃபைபர் தெரியும்வரை குடைந்து, ஓரத்தைக் கிண்ணம் மாதிரி சரித்துவிடு. பிறகு நல்ல தண்ணீரில் தினமும் கழுவு, காயவிடு, மறுபடி கழுவு. ஐந்தாறு இடம்தான் என்பதால் இரண்டு மூன்று வாரம் வெயில் பட்டால் போதும் என்று நினைக்கிறேன். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, குழியின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் வைத்து ஒட்டு. மறுநாள் காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. முழுக்கக் காய்ந்த பிறகு எபாக்சிப் பட்டி. சுவருக்கு வைக்கிற பட்டியோ, கார் வேலைக்கு வரும் பாலியஸ்டர் பட்டியோ தண்ணீருக்கு அடியில் வேண்டாம், அவை ஈரத்தை உறிஞ்சும்.

அதனால் வேலை வரிசையை மாற்று. முதலில் சுரண்டு, கொப்பளத்தைத் திற, அது காய்கிற நாட்களில் மற்ற இடத்தைத் தேய்த்துக்கொண்டிரு. 80 நம்பர் உப்புத்தாளில் ஜெல் கோட்டின் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பு தெரிகிற இடம் எல்லாம் அடுத்த வருடம் பெயர்கிற இடம் என்று வைத்துக்கொள்.

குந்துகால்34 · மே 3

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சுரண்டி முடிக்க எட்டு நாள் ஆனது, தோள்பட்டை விட்டுப்போய்விட்டது. நீலத்தைத் தேய்த்ததும் துணி நீலமாக மாறிவிட்டது, மைக்ரான் அண்ணன் சொன்ன கரையும் வகைதான், அதன் மேல்தான் அந்தக் குழு கெட்டி வகையை அடித்திருக்கிறது. கொப்பளம் ஏழு. நாலில் வெறும் தண்ணீர், மூன்றில் காடி வாடை அடித்தது, குடைந்து கழுவிக்கொண்டிருக்கிறோம். அக்கா, மாஸ்க் வாங்கிவிட்டோம், தார்ப்பாயும் விரித்திருக்கிறோம். இரண்டு சாக்கு நிறையச் சேர்ந்திருக்கிறது, இத்தனையும் மணலில் போயிருக்கும் என்று நினைத்தாலே என்னவோ செய்கிறது.

இப்போது பிரைமர், பெயிண்ட் எவ்வளவு வாங்க வேண்டும்? எந்த நேரத்தில் அடிப்பது? பகலில் ஹல்லில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சாயங்காலம் கச்சான் (மேற்குக்) காற்று மணலை வாரி வீசுகிறது.

மைக்ரான் · மே 3

அளவுக்கு ஒரு சுலபமான கணக்கு: தண்ணீர்க் கோட்டில் படகின் நீளம் × (அகலம் + தண்ணீருக்குள் இருக்கும் ஆழம்), எல்லாம் மீட்டரில். உன் படகு தண்ணீர்க் கோட்டில் 9.5 மீட்டர், அகலம் 2.7, ஆழம் 0.8 என்று வைத்தால் 9.5 × 3.5, கிட்டத்தட்ட 33 சதுர மீட்டர். அளந்து சரியான எண்ணைப் போட்டுக்கொள். ஒரு லிட்டர் 8 சதுர மீட்டருக்கு வரும் என்றால் இரண்டு கோட்டுக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல். தண்ணீர்க் கோடு, அணியத்தின் முன்விளிம்பு, சுக்கான், ஏராவின் ஓரம் இவற்றில் உரசல் அதிகம், மூன்றாவது கோட் வேண்டும். 10 லிட்டர் வாங்கு. எத்தனை சதுர மீட்டர் வரும் என்பதை உன் டப்பாவில் பார்த்துக் கணக்கைத் திருத்திக்கொள். மிஞ்சினாலும் அதையும் அந்த விளிம்புகளிலேயே அடித்துவிடு, டப்பாவில் வைத்திருந்து பயன் இல்லை.

நேரம்தான் நம் கடற்கரையில் பெரிய சிக்கல். காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி படிகிற வெப்பம் 26 டிகிரி அளவில் வரும். ஹல்லின் சூடு அதைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விடியற்காலையில் ஹல்லைத் தொட்டால் கை ஈரமாகும், அப்போது அடிக்காதே. மத்தியானம் மேற்பரப்பு 40 டிகிரிக்கு மேல் போனால் தின்னர் பொசுக்கென்று ஆவியாகி ஊசித்துளை விழும். காலை 8 மணிக்குமேல் 11 மணிக்குள், நிழல் இருக்கிற பக்கமாக அடி. படகு வடக்கு தெற்காக நின்றால் மேற்குப் பக்கம் காலையில் நிழல். கிழக்குப் பக்கத்துக்குத் தார்ப்பாயைப் பந்தல் மாதிரி கட்டு. கச்சான் எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும். மணல் பட்டால் காயவிட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் அடி, ஈரத்தில் துடைக்காதே.

பிரைமர், இரண்டு பகுதியாக வந்து கலந்து அடிக்கிற எபாக்சி. ஃபைபரை முழுக்கத் திறந்துவிட்டதால் கனமாக ஐந்து கோட் வரை கொடுத்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் காக்கும், குறைந்தது மூன்று. ஈரக் காற்றில் எபாக்சி இறுகினால் மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு பிசுக்கு வரும். விரலால் தேய்த்தால் வழுக்கும். உப்புத்தாளை எடுப்பதற்கு முன் அதை நல்ல தண்ணீரும் நாரும் வைத்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் பிசுக்கை உள்ளே தேய்த்து விடுவாய்.

இனி வருவதைத் தவறவிடாதே. கடைசி எபாக்சிக் கோட் முழுக்க இறுகுவதற்குள் முதல் ஆன்டிஃபவுலிங் விழ வேண்டும். கட்டைவிரலை அழுத்தினால் ரேகை பதிய வேண்டும், விரலில் பெயிண்ட் ஒட்டக்கூடாது. அந்த நேரம்தான் சரி. நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் கடந்துவிடும், சாப்பிடப் போய்விட்டு வந்தால் போச்சு. அதனால் ஒருவர் எபாக்சி அடித்துக்கொண்டு முன்னால் போக, இன்னொருவர் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஆன்டிஃபவுலிங்கோடு வரட்டும். நேரம் தவறினால் மறுபடி முழுக்கத் தேய்க்க வேண்டியதுதான்.

டப்பாவைத் திறந்ததும் ஊற்றாதே. செம்பு கனம், கீழே சேறாகப் படிந்து கிடக்கும். தட்டையான குச்சியை அடிவரை விட்டுப் பத்து நிமிடமாவது கிளறு, குச்சியின் நுனியில் கட்டி வராமல் ஆக வேண்டும். மேலாக ஊற்றி அடித்தால் முதல் பாதிப் படகுக்கு நிறம் மட்டும்தான் கிடைக்கும், நஞ்சு எல்லாம் டப்பாவின் அடியில் தங்கிவிடும். அடிக்கும்போதும் கால் மணிக்கு ஒருமுறை கிளறு. ரோலரை இழுத்து இழுத்து மெல்லிசாக்காதே, கனமாக வை. முதல் கோட் ஒரு நிறம், இரண்டாவது வேறு நிறம் வாங்கினால், கீழ் நிறம் தெரிய ஆரம்பிக்கும்போது தேய்ந்துவிட்டது என்று தண்ணீரில் மூழ்கிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தொண்டி வள்ளம் · மே 5

இடையில் ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது 24 அடி ஃபைபர் வள்ளம், அவுட்போர்டு. தினமும் கரைக்கு வந்ததும் மணலில் இழுத்துவிடுவோம். கடைக்காரர் ஆன்டிஃபவுலிங் அடித்தால் நல்லது என்கிறார். அடிக்கலாமா? அப்பாவிடம் ஒரு பழைய மர வள்ளமும் இருக்கிறது.

ஓடாவி மகன் · மே 5

வேண்டவே வேண்டாம். கொட்டலசுக்கு நிற்கிற தண்ணீரும் நாளும் வேண்டும், தினமும் வெயிலில் காய்கிற வள்ளத்தில் அது பிழைக்காது. மணலில் இழுக்கும்போது அந்தப் பெயிண்ட் உரசி உரசி முழுக்க மணலுக்குத்தான் போகும். காசும் போய், கரையும் கெடும். அடியில் கெட்டியான எபாக்சி போதும், தேய்கிற இடத்தில் ஒரு ஃபைபர்ப் பட்டை வைத்துக்கொள்.

மர வள்ளம் தண்ணீரில் கிடப்பதாக இருந்தால் கதை வேறு. அதற்குக் கொட்டலசைவிட மரப்புழுதான் எமன். வெளியே குண்டூசித் துளை, உள்ளே விரல் கனத்துக்குக் குழாய். கட்டையைத் தட்டிப் பார்த்தால் சத்தம் பொத்தென்று கேட்கும். முதலில் கலப்பத்து பார், பொருத்துகளில் பழைய பஞ்சைப் பிடுங்கிப் புதுப்பஞ்சு அடை. என் அப்பா குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன் மேல் ஊற்றுவார், அந்த வாசனை எங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். அதன் பிறகுதான் பிரைமரும் செம்புப் பெயிண்டும். துளி இடம் பெயிண்ட் இல்லாமல் விட்டாலும் புழு அந்த வழியாக உள்ளே போய்விடும்.

கடற்கரைக்காரி · மே 6

மைக்ரான் தம்பி, ஒரு கேள்வி. முன்னால் ஒரு பெயிண்ட் வரும், அதை அடித்தால் ஐந்து வருடம் ஒன்றுமே ஒட்டாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். பிறகு அது கிடைக்கவில்லை என்றார். அது என்ன?

மைக்ரான் · மே 6

டி.பி.டி. எனப்படும் வெள்ளீயச் சேர்மம் கலந்ததாக இருக்கும் அக்கா. ரொம்ப நன்றாக வேலை செய்தது, அதுதான் ஆபத்தாகவும் போனது. பிரான்ஸில் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடு தடித்து உருக்குலைந்து, குஞ்சும் பிழைக்காமல் போக, 1982இல் அந்த நாடு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதைத் தடை செய்தது. பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து முட்டையிட முடியாமல் போனதும் அதனால்தான். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் உடன்படிக்கை கொண்டுவந்தது, 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சங்கும் கடல் நத்தை இனம்தானே, மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நினைத்தால் பதறும். எங்கேயாவது பழைய டப்பா வைத்துக்கொண்டு யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குந்துகால்34 · ஜூன் 12

வேலை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அடுத்தவருக்கு உதவும்.

காடி வாடை அடித்த மூன்று குழியும் காய 24 நாள் ஆனது. பிளாஸ்டிக் தாள் முதல் இரண்டு வாரமும் தினம் காலையில் வியர்த்தே இருந்தது, அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் காய்ந்துவிட்டது என்று நினைத்துப் பட்டி வைத்திருப்பேன். எபாக்சி நாலு கோட். இரண்டாவது கோட்டுக்கு மறுநாள் கை வைத்தால் வழுக்கியது, அண்ணன் சொன்ன பிசுக்கு, நாரும் தண்ணீரும் வைத்துக் கழுவினோம். கடைசிக் கோட் அன்று தம்பி முன்னால் அடித்துக்கொண்டே போக நான் கட்டைவிரலை வைத்து வைத்துப் பார்த்தேன், 10 மணி வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ரேகை பதிகிற பதம் வந்துவிட்டது. கிழக்குப் பக்கம் அமரத்தில் ஒரு கை அகலத்துக்கு நேரம் தவறிவிட்டது, கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது. மறுநாள் அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு அடித்தோம். முதல் கோட் கறுப்பு, மேலே சிவப்பு. 10 லிட்டரில் அரை லிட்டர் மிஞ்சியது, அதையும் சுக்கானில் அடித்துவிட்டோம். ஜிங்க் கட்டி புதுசு மாற்றி, பெயிண்ட் படாமல் டேப் சுற்றி வைத்தோம்.

முட்டுக்கட்டை நின்ற ஆறு இடம் மட்டும் பாக்கி. நாளை காலையில் கட்டையை ஒவ்வொன்றாக அரை அடி நகர்த்திவிட்டு, அந்த இடங்களையும் தேய்த்து, எபாக்சியும் ஆன்டிஃபவுலிங்கும் வைக்க வேண்டும். மைக்ரான் அண்ணே, 15ஆம் தேதி விடியற்காலையில் இறக்குகிறோம், அந்த ஆறு இடத்துக்கும் காய நேரம் போதுமா?

மைக்ரான் · ஜூன் 12

டப்பாவில் தண்ணீரில் இறக்குவதற்கு முன் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும், அதைப் பார். பல பெயிண்டில் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். நாளை 8 மணிக்கு எபாக்சி ஒரு கோட், விரல் ரேகை பதிந்ததும் ஆன்டிஃபவுலிங் முதல் கோட், நாளை மறுநாள் காலையில் இரண்டாவது. 11 மணிக்குள் முடித்தால் இறக்கும்வரை பதினெட்டு மணி நேரத்துக்குக் குறையாது. டப்பாவில் அதற்கு மேல் கேட்டிருந்தால் இரண்டாவது கோட்டையும் நாளை சாயங்காலமே, காற்று அடங்கியதும் வைத்துவிடு. நகர்த்தும்போது ஒரு கட்டையை எடுப்பதற்கு முன் பக்கத்தில் இன்னொன்றை முட்டுக் கொடுத்துவிட்டு எடு, இரண்டை ஒன்றாக எடுக்காதே.

கடற்கரைக்காரி · ஜூன் 12

சந்தோஷம் தம்பி. கட்டை நகர்த்தும்போது படகுக்கு அடியில் யாரும் குனியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாக்குகள் எங்கே இருக்கின்றன?

குந்துகால்34 · ஜூன் 12

எஞ்சின் ஷெட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறேன் அக்கா, மழை படாமல், மொத்தம் நாலு சாக்கு. பெயிண்ட் கழிவு எடுக்கிற இடம் எங்கே இருக்கிறது என்று துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.